குடுவை மேசையில் படக் கூடாது

56 ஏ.பி.ஓ. வழி
4.1.2025

அம்மிணி அன்புசெல்விக்கு,

மேஜர் தரணீதரன் எழுதுவது. முகிலன் போய் மூன்று வாரம் ஆகிறது. இதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். போனில் பேசிவிடலாம் என்று இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். இறந்த வீரரின் வீட்டுக்கு அவருடைய அதிகாரி கைப்பட எழுதுவது எங்கள் படைப்பிரிவின் வழக்கம். முகிலன் எங்கள் தோட்டத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அது இரட்டைக் கடமை.

உன் மாமியார் வேலாத்தாள் மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வாசலில் நின்று கேட்டது உனக்கும் தெரியும். "சாமி, அவன எல்லைக்குத் தாட்டி உட்டறாதீங்க. உங்க கண்ணுல படற மாதிரி எங்கியாச்சும் வெச்சுக்குங்க" என்றார். அதற்காகத்தான் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லி அவனை ஆபீசர்ஸ் மெஸ்ஸுக்கு மாற்றி வாங்கினேன். அதிகாரிகள் சாப்பிடும் இடம். குண்டும் இல்லை, பனியில் காவலும் இல்லை. அவனும் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தான்.

டிசம்பர் 14 எங்கள் படைப்பிரிவு உருவான நாள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் 'பால்' என்னும் நடன விருந்து நடக்கும். முதலில் விருந்து, பிறகு அதிகாரிகளும் மனைவிமாரும் ஜோடியாக ஆடும் நடனம். விருந்தில் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டு நிற்பார். சுவரில் பச்சை விளக்கு எரிந்தால் நாற்பது பேரும் ஒரே நொடியில் குனிந்து பரிமாற வேண்டும். சிவப்பு எரிந்தால் ஒரே நொடியில் தட்டை எடுக்க வேண்டும். முகிலன் நின்ற நேர்த்தியைத் தலைமை விருந்தினராக வந்த ஜெனரலின் மனைவியே கவனித்துச் சொன்னார். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வேலையெல்லாம் முடிந்து ஓய்வறையில் போய்ப் படுத்தவன் எழவில்லை. மாரடைப்பு. வலியே தெரிந்திருக்காது என்றார் டாக்டர்.

தைரியமாக இரு. அப்பாவிடம் பேசியிருக்கிறேன். இனி எங்கள் பனியன் கம்பெனியில் நீ துணி செக்கிங்கில் நின்றுகொண்டே இருக்க வேண்டாம், உன்னை ஆபீஸுக்கு மாற்றிவிடுவார்.

இப்படிக்கு,
தரணீதரன்


அவிநாசிபாளையம்
27.1.2025

மேஜர் சார் அவர்களுக்கு,

அன்புசெல்வி எழுதுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் உங்களுக்கு ஆறு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. இனிமேல் எடுக்கவும் வேண்டாம். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதிக் கேட்கிறேன், எழுதியே பதில் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்த ஆறாம் நாள் அவருடைய டிரங்குப் பெட்டியும் வந்தது. அதோடு ஆங்கிலத்தில் இரண்டு காகிதம். கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் ஒரு முறை மனதுக்குள் படித்துவிட்டு, "அக்கா, ஊட்டுக்குப் போயி நாம ரெண்டு பேரும் மட்டும் பாத்துக்கலாங்களா" என்றாள். நான் அங்கேயே படி என்றேன். 'பணி நேரம் முடிந்த பின் மெஸ் சரக்கறையில் கிடந்தார். உடையில் மது நாற்றம்.' இதுதான் அதில் இருக்கிறது. நீங்கள் ஓய்வறை என்று எழுதியிருக்கிறீர்கள். அரிசி மூட்டைக்குப் பக்கத்திலா சார் உங்கள் ஊரில் ஓய்வெடுப்பார்கள்?

இந்தக் காகிதம் வருவதற்கு முன்பே சேதி ஊருக்கு வந்துவிட்டது. உடலோடு வந்த இருவரில் ஒருவர் யாரிடமோ சொல்லியிருக்கிறார். ஆபீசர்கள் பாட்டிலைத் திருடிக் குடித்து மூச்சடைத்துச் செத்தான் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். குடித்துச் செத்தவனுக்கு எதற்குக் கொடி போர்த்தினார்கள் என்று ஒருவன் கேட்டானாம். என் மகள் தமிழ்மதி நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்திலும் இதே பேச்சுத்தான்.

அவர் குடித்ததே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கல்யாணமான புதிதில் குடித்தார், சண்டையும் போட்டிருக்கிறோம். தமிழ்மதி பிறந்த அன்றைக்கு விட்டார். ஒன்பது வருடம் தொடவில்லை. எனக்குத் தெரியாமல் தொட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

பெட்டியில் ஒற்றைக் கையுறை இருந்தது, இடது கைக்கு உரியது. சிவப்புக் கறை. நான் பதினோரு வருடமாக செக்கிங் டேபிளில் நிற்கிறேன் சார். ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் என் கையில் புரள்கிறது. எண்ணெய்க் கறை, துருக் கறை, சாயக் கறை, எது மேலிருந்து சொட்டியது, எது உரசிப் பட்டது என்று விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாலும் சொல்வேன். கிளாஸைப் பிடித்துக் குடிக்கிறவன் கையில் கறை விரல் நுனியில் படும். இது மணிக்கட்டில் ஆரம்பித்து உள்ளங்கைக்கு இறங்கியிருக்கிறது. எதையோ மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறார், அது அவர் மேல் கொட்டியிருக்கிறது. அது என்ன? அதை ஏன் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்?

எனக்கு ஆபீஸ் வேலை வேண்டாம். அவர் குடித்துச் சாகவில்லை என்று அந்தக் காகிதத்தைத் திருத்தி எழுத வேண்டும். அங்கே இருந்தவர்களில் எங்களுக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இன்னொன்று. உங்கள் தோட்டத்தில் என் மாமியாரை எப்படிக் கூப்பிட்டீர்களோ தெரியாது. என்னை அம்மிணி என்று எழுதாதீர்கள். எனக்குப் பெயர் இருக்கிறது.

அன்புசெல்வி


56 ஏ.பி.ஓ. வழி
20.2.2025

திருமதி அன்புசெல்வி முகிலன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் தொனி எனக்கு வருத்தம் தந்தது. இருந்தாலும் உங்கள் நிலைமை புரிகிறது.

கறையைப் பற்றிக் கேட்டீர்கள். விருந்தின் முடிவில் 'டோஸ்ட்' என்று ஒன்று உண்டு. எல்லோர் கிளாஸிலும் ஒயின் ஊற்றி, நாட்டுக்கு ஒரு முறை, படைப்பிரிவுக்கு ஒரு முறை, இறந்த வீரர்களுக்கு ஒரு முறை எழுந்து நின்று கிளாஸை உயர்த்துவோம். அந்த ஒயின் வருவது நூறு வருடத்துக்கு மேல் பழைய வெள்ளிக் குடுவைகளில். மேசையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குடுவை. சுற்று தொடங்கி முடியும் வரை அது மேசையில் படக் கூடாது. போர்க்களத்தில் வைக்க இடமில்லாமல் கைமாற்றிக் கைமாற்றிக் குடித்ததன் நினைவாக வந்த வழக்கம். ஒரு முறை ஒரு கர்னலே மறந்துபோய் மேசையில் வைத்துவிட்டு அந்த வருடம் முழுக்கக் கேலிக்கு ஆளானார். எங்கள் பக்கத்துக் குடுவை அன்று முகிலன் கையில் இருந்தது. கறை அதிலிருந்து பட்டிருக்கலாம்.

அவன் பணியில் இருந்தபோதுதான் மயங்கினான் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. ஆனால் நான் பார்க்கவில்லை. அவன் எனக்குப் பின்னால் நின்றான். டோஸ்ட் முடியும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, பரிமாறுகிறவரோடு பேசவும் கூடாது. பிரசவ வலி வந்த ஒரு கேப்டனின் மனைவி முழு டோஸ்ட்டும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார் என்று எங்கள் மெஸ்ஸில் பெருமையாகச் சொல்வார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நெருப்புக்கு நடுவில் அசையாமல் நிற்கக் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

காகிதத்தை எழுதியவர்கள் பார்த்ததை எழுதியிருக்கிறார்கள். அதைக் கிளறினால் விசாரணை வரும், அவனுடைய பழைய பழக்கமெல்லாம் வெளியே வரும். உங்களுக்கும் குழந்தைக்கும் அது நல்லதல்ல. விட்டுவிடுங்கள்.

தரணீதரன்


அவிநாசிபாளையம்
16.3.2025

மேஜர் சார் அவர்களுக்கு,

பழைய பழக்கம் வெளியே வரும் என்று எழுதியிருந்தீர்கள். அதை உங்களுக்கு எழுதியதே நான்தான், என் கையாலேயே. அதைத் திருப்பி என் மேலேயே வீசுகிறீர்கள். பரவாயில்லை.

போன வாரம் உங்கள் அப்பா லிங்கசாமி ஐயா என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். "பையனுக்கு எதுக்குக் கண்ணு கடுதாசி மேல கடுதாசி போட்டுட்டிருக்கற? அவனுக்கு இந்த வருசம் புரமோசன் வருதாமா. உனக்கு என்ன வேணுமோ எங்கிட்டக் கேளு" என்றார். நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் குடித்துச் சாகவில்லை என்று ஒரு வரி வேண்டும் என்றேன். காபி ஆறிப்போய்விட்டது. மறுநாள் என் டேபிளில் வேறொருத்தி நின்றாள். இப்போது பெருமாநல்லூரில் ஒரு கம்பெனிக்குப் போகிறேன். வண்டி வருகிறது, போக ஒன்றேகால் மணி நேரம். கவலைப்படாதீர்கள், அங்கேயும் கறை இருக்கிறது, எனக்கு வேலை இருக்கிறது.

நான் எழுத வந்தது வேறு. உங்கள் மெஸ்ஸில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் எனக்கு இந்தியில் கடிதம் போட்டிருக்கிறார். பெயரை எழுத மாட்டேன், அவர் பிழைப்பில் மண் விழும். என் பக்கத்து டேபிளில் பீகார்க்கார அக்கா ஒருவர் இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒவ்வொரு வரியாகப் படித்து, தெரிந்த தமிழில் சொன்னார். சொல்லத் தெரியாத இடத்தில் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அதில் இருப்பது இது. ஒயின் ஊற்றிக்கொண்டு வரும்போது உங்கள் நாற்காலி வந்ததும் முகிலன் நின்றார். வேர்த்துக் கொட்டியது. குனிந்து உங்கள் காதில் ஏதோ சொன்னார், உங்கள் பாஷையில். நீங்களும் உங்கள் பாஷையில் பதில் சொன்னீர்கள், இரண்டே வார்த்தை. பிறகு அவர் நிமிர்ந்து அங்கேயே நின்றார்.

பல மாநிலத்தவர் கலந்த படை உங்களுடையது. அந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான் என்று அவரே பெருமையாகச் சொல்வார். ஒருவர் போய்விட்டார். மிச்சம் நீங்கள் மட்டும்தான். அவர் என்ன கேட்டார்? அந்த இரண்டு வார்த்தை என்ன?

அன்புசெல்வி


56 ஏ.பி.ஓ. வழி
7.4.2025

திருமதி அன்புசெல்வி அவர்களுக்கு,

எனக்கு நினைவில்லை. அன்று நிறையப் பேர் நிறையப் பேசினார்கள். இதற்கு மேல் இந்த விஷயமாக எனக்கு எழுத வேண்டாம்.

தரணீதரன்


அவிநாசிபாளையம்
4.5.2025

மேஜர் சார் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போடுவது உங்கள் விருப்பம்.

எங்கள் ஊரில் மாரியம்மன் பொங்கல் போன வாரம். என் மாமியார் வருடா வருடம் மாவிளக்கு எடுப்பவர். இந்த வருடம் மாவு இடித்து, விளக்குப் பிடித்து, நெய்யும் ஊற்றி வைத்துவிட்டுக் கிளம்பவில்லை. ஏனுங்க அத்தை என்றேன். "எல்லாரும் பாப்பாங்க கண்ணு. குடிச்சுச் செத்தவனப் பெத்தவன்னு பாப்பாங்க. நீயும் புள்ளையும் போங்க" என்றார். நாங்களும் போகவில்லை. விளக்கு வீட்டுக்குள்ளேயே எரிந்து அணைந்தது.

நெருப்புக்கு நடுவில் அசையாமல் நிற்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் நின்றார். நீங்களும் உட்கார்ந்திருந்தீர்கள். அதில் குறை சொல்ல எனக்குத் தெரியாது, உங்கள் வழக்கம் உங்களுக்கு. ஆனால் இப்போது இங்கே எந்த ஜெனரலும் இல்லை. உங்களுக்கு முன்னால் ஒரு பேனாவும் காகிதமும்தான் இருக்கின்றன. இப்போதும் ஏன் வாய் வரவில்லை?

உங்களைத் திட்டுவதற்கு நான் இதை எழுதவில்லை, மன்னிப்பதற்கும் எழுதவில்லை. அவர் கடைசியாகப் பேசியது உங்களிடம். அது எனக்குச் சேர வேண்டியது. கொடுத்துவிடுங்கள்.

அன்புசெல்வி


56 ஏ.பி.ஓ. வழி
22.6.2025

அன்புசெல்வி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை ஒன்றரை மாதமாக எழுதுகிறேன். எழுதியதைக் கிழித்தேன். இப்போது நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

முகிலன் பாதி மேசைக்கு ஊற்றிக்கொண்டு வந்தபோது ஜெனரல் பேச எழுந்துவிட்டார். சுற்று முடிந்த பிறகுதான் பேச வேண்டும் என்பது முறை. அவர் பெரியவர், யாரும் சொல்லவில்லை. பேச்சு தொடங்கினால் பரிமாறுகிறவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். முகிலன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டான். சுற்று முடியாததால் குடுவையைக் கீழே வைக்க முடியாது. ஒயினோடு சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு கேட்டது. அவன் சொன்னது இதுதான். "ஏனுங்க சார், நெஞ்ச அமுத்துதுங்க. கை மரத்துப் போச்சுங்க. வெளிய போயிட்டு வந்தறட்டுங்களா?"

எதிரே கமாண்டிங் ஆபீசரின் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பவில்லை. உதட்டை அசைக்காமல், "பொறு, முடியட்டும்" என்றேன்.

"சரிங்க" என்றான். நீங்கள் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். நான் சொன்ன இரண்டு வார்த்தையைக் கேட்டீர்கள். அவன் சொன்ன ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஜெனரல் அதற்குப் பிறகு இருபது நிமிடம் பேசினார். அது முடிந்ததும், சுற்று முடியக் காத்திராமல், அவரே மூன்று டோஸ்ட்டையும் சொல்லிவிட்டார், ஒயின் வராதவர்கள் வெறும் கிளாஸை உயர்த்தினார்கள். மூன்றாவது இறந்த வீரர்களுக்கு. அதற்கு எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும். அந்த மௌனத்தில் அவன் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. கூடத்தில் பாதிப் பேருக்காவது கேட்டிருக்கும். இறந்தவர்களுக்காக நின்றுகொண்டிருந்தோம், அதனால் யாரும் அசையவில்லை.

மௌனம் முடிந்து உட்கார்ந்தபோது குடுவை சாய்ந்தது. அவன் அதை விழவிடவில்லை. இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டான், ஒயின் முழுக்க அவன் மேல் கொட்டியது. ஒரு சொட்டுக்கூட மேசை விரிப்பில் படவில்லை. பக்கத்தில் நின்றவன் அவனைத் தாங்கிப் பின்கதவு வழியாகக் கூட்டிப் போனான். கறையைப் பற்றி நீங்கள் எழுதியது அப்படியே சரி.

பிறகு நடனம். முதல் ஆட்டம் கமாண்டிங் ஆபீசரும் ஜெனரலின் மனைவியும் ஆட வேண்டும். இரண்டாவதில் கமாண்டிங் ஆபீசரின் மனைவியை ஒரு மேஜர் அழைக்க வேண்டும். அந்த வருடம் அது என் முறை. ஆடினேன். அவர் தோளுக்கு மேலாக சமையல்கட்டுக் கதவு திறந்து மூடுவது தெரிந்தது. டாக்டரும் பக்கத்து ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார். கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆட்டத்துக்கு நடுவில் போவது அந்தப் பெண்மணிக்கு அவமரியாதை என்று பாட்டு முடியும்வரை ஆடினேன். முடிந்ததும் டாக்டரிடம் சொன்னேன். அவர் போனபோது முகிலன் உயிரோடு இல்லை.

விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்று சரக்கறையில் வைத்தார்கள். ஜெனரல் கிளம்பிய பிறகுதான் இறந்த நேரம் குறித்தார்கள். அதனால்தான் 'பணி முடிந்த பின்' என்று வந்தது. மது நாற்றம் என்று எழுதியவர்கள் எப்படி வந்த நாற்றம் என்று எழுதவில்லை. அந்தக் காகிதத்தில் சாட்சி என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

மறு விசாரணை கேட்டு நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வாக்குமூலத்தில் இதெல்லாம் இருக்கும்.

தரணீதரன்


56 ஏ.பி.ஓ. வழி
30.9.2025

அன்புசெல்வி அவர்களுக்கு,

விசாரணை முடிந்தது. உத்தரவின் நகலும் தமிழ் மொழிபெயர்ப்பும் இதோடு இருக்கின்றன. ரத்தத்தில் மது இல்லை என்று ஆய்வு முடிவு அப்போதே வந்திருக்கிறது, கோப்பில் சேர்க்காமல் இருந்திருக்கிறார்கள். பணியில் இருந்தபோது இறந்தார் என்று திருத்திவிட்டார்கள். நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. 'தன் உடல்நிலையைப் பற்றி அவர் யாரிடமும் தெரிவிக்கவில்லை.' அதை நீங்கள் என்னிடமிருந்தே கேட்பது நல்லது. என் வாக்குமூலத்தில் நான்காவது பத்தியை, அவன் என்னிடம் கேட்டதும் நான் சொன்னதும் இருந்ததை, எடுத்துவிடச் சொன்னார்கள். அது இருந்தால் பேச்சு ஜெனரல் வரை போகும், வழக்கு இழுத்துக்கொண்டே போகும், முகிலனின் பெயரும் உடனே திருந்தாது என்றார்கள். எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வருடம் டிசம்பர் 14 அன்று உங்களைக் கௌரவிக்க மெஸ் முடிவு செய்திருக்கிறது. குடும்பத்திலிருந்து யாராவது ஒருவர் வரலாம், பயணத்துக்கு ஏற்பாடு செய்வோம். முறைகளைச் சொல்லிவிடுகிறேன். வெளிர் நிறச் சேலை நல்லது. ஜெனரல் உள்ளே வரும்போது எழ வேண்டும், அவர் உட்கார்ந்த பிறகு உட்கார வேண்டும். பெயர் வாசித்ததும் முன்னால் போய் சால்வையை வாங்கிக்கொண்டு கும்பிட்டால் போதும். டோஸ்ட்டுக்கு உங்களுக்குத் தண்ணீர் வைப்பார்கள். முதல் நடனம் முடியும்வரை இருந்துவிட்டுக் கிளம்புவது மரியாதை.

தரணீதரன்


அவிநாசிபாளையம்
26.10.2025

மேஜர் சார் அவர்களுக்கு,

உத்தரவு வந்த அன்று அதை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். மது இல்லை என்ற இடத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டார். தமிழ்மதியைக் கூப்பிட்டு மடியில் உட்கார்த்திக்கொண்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பாதி படித்துப் பழக்கமில்லை, இரண்டாம் பக்கத்தையும் படித்துவிட்டேன்.

'யாரிடமும் தெரிவிக்கவில்லை' என்றதும் அவர் முகம் மாறியது. "ஆமா, சொல்ல மாட்டான். பெரியவுங்க முன்னால நின்னா வாயத் தொறக்காத, பசிச்சாலும் கேக்காத, அவுங்களாப் பாத்துத் தருவாங்கன்னு நாந்தான சொல்லி வளத்தேன். நாந்தாங் கண்ணு அவனக் கொன்னேன்" என்று வாயிலேயே அடித்துக்கொண்டார். பிடித்தேன், நிற்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஊர் சொன்னது தீர்ந்தது, இது வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் நான்காவது பத்தி இல்லாமல் போனதால் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான், தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அதுவரை அவருக்குக் காட்டாமல் வைத்திருந்தேன், உங்கள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம் என்று. "வெளிய போயிட்டு வந்தறட்டுங்களா" என்ற இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கேட்டானா?"

"கேட்டாருங்க அத்தை."

"வாயத் தொறந்து கேட்டானா?"

"ஆமாங்க."

மறுபடி படிக்கச் சொன்னார். நான்கு முறை படித்தேன். "அப்ப நானில்ல" என்றார். பிறகு சோறு போடச் சொன்னார்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை உங்கள் அப்பா கம்பெனியில் எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தை உங்கள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். நான் படிக்கிறேன் என்றதற்கு, "நீ படிச்சா புருசனுக்காகப் பேசறான்னு சொல்லுவாங்க. அவரு மகன் எழுதுனத அவரே படிக்கட்டும்" என்றார். கேட்டுக்குள் இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். உங்கள் அப்பா பெட்டியை நீட்டினார். அத்தை அதை வாங்கவில்லை, கடிதத்தை நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சாமி. சின்னவரு எழுதியிருக்காரு. சத்தமாப் படிச்சுச் சொல்லுங்க."

மகன் கையெழுத்து என்றதும் அவர் சந்தோஷமாகத்தான் கண்ணாடியை மாட்டினார். நன்றாகக் கணீரென்று படித்தார். மூச்சு கேட்டது என்ற இடத்தில் குரல் இறங்கியது. முகிலன் கேட்டதைப் படித்தார். அடுத்த வரியில் நிறுத்திவிட்டார். மடித்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்.

"எம்பையன் கேட்டானுங்களா, இல்லீங்களா?" என்றார் அத்தை. குரலை உயர்த்தவில்லை. உங்கள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "கேட்டிருக்கான்" என்றார். எல்லோருக்கும் கேட்டது. அத்தை கடிதத்தை வாங்கி மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். இனிப்புப் பெட்டிகளைப் பாதிப் பேர் வாங்காமல் போய்விட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை மேலிடத்துக்கு அனுப்பிவிடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். தபாலில் போட வேண்டாம், தானே கையில் கொண்டுவருவதாகச் சொல்கிறார். டிசம்பர் 14-க்கு நான் வரவில்லை. வேலாத்தாள் வருகிறார். அவர் பெயரில் டிக்கெட் போடுங்கள்.

நீங்கள் எழுதிய முறைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். வெளிர் நிறத்தில் ஒரு சேலை இருக்கிறது. எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எப்போது கும்பிட வேண்டும் என்பதெல்லாம் புரிந்துகொண்டார். எப்போது பேச வேண்டும் என்று அதில் இல்லை. அதைக் கேட்டு எழுதச் சொல்கிறார்.

அன்புசெல்வி